கிழக்கு என்றால் பக்கத்து வீட்டுக்காரர்

சார்லமேன் சக்கரவர்த்தியைப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். ஜெர்மானியர்கள் அவரைக் 'கார்ல்' என்பார்கள். 800-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று ரோமாபுரியில் முடிசூடி, மேற்கு ஐரோப்பாவில் பெரும் பகுதியைத் தன் கக்கத்தில் இடுக்கிக்கொண்டவர். சண்டை போட ஆள் கிடைக்காத நாட்களில் அப்பேர்ப்பட்ட மனுஷர் என்ன செய்வார்? காற்றுக்குப் பெயர் வைப்பார்!

விளையாட்டில்லை. அவருடைய வாழ்க்கையை எழுதிய ஐன்ஹார்ட் இதைச் சாதனைப் பட்டியலிலேயே சேர்த்திருக்கிறார். அதுவரை ஃபிராங்கு ஜனங்களின் பேச்சில் நாலு காற்றுக்கு மேல் சொந்தப் பெயர் கிடையாதாம். லத்தீனிலோ முழுசாகப் பன்னிரண்டு. ரோமாபுரிக் கிரீடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு, எட்டுக் காற்று பற்றாக்குறையோடு ஒருவர் எப்படி வெளியே நடமாடுவார்? உட்கார்ந்து பன்னிரண்டையும் நிரப்பிவிட்டார்.

நிரப்பிய லட்சணம்தான் அபாரம். கையிருப்பு மொத்தம் நாலு சொல்: ஓஸ்ட், ஸுண்ட், வெஸ்ட், நோர்ட். வரிசைப்படி கிழக்கு, தெற்கு, மேற்கு, வடக்கு. இவற்றையே முன்னும் பின்னும் மாற்றி ஒட்டினார். 'ஓஸ்ட்ஸுண்ட்ரோனி' என்று ஒரு காற்று. 'ஸுண்ட்ஓஸ்ட்ரோனி' என்று வேறொரு காற்று. முன்னது கிழக்குப் பக்கம் சாய்ந்த தென்கிழக்கு. பின்னது தெற்குப் பக்கம் சாய்ந்த தென்கிழக்கு. தன் தொப்பியைக் கொண்டுபோனது இதில் எது என்று குடியானவர் முடிவு செய்வதற்குள் தொப்பி அடுத்த ஜில்லாவில் இறங்கியிருக்கும்.

இத்தனை பெயர் வைத்தவருக்கு எழுத வராது என்பது உபரித் தகவல். இதையும் ஐன்ஹார்டே போட்டு உடைக்கிறார். தலையணைக்கு அடியில் எழுதுபலகையும் ஏடும் வைத்துக்கொண்டு, ஓய்வு கிடைத்தபோதெல்லாம் சக்கரவர்த்தி எழுத்துப் பழகினாராம். ரொம்ப லேட்டாக ஆரம்பித்ததால் பெரிதாகத் தேறவில்லையாம். பெயர் வைப்பது பெரியவர் வேலை, ஸ்பெல்லிங் குமாஸ்தா பாடு.

பன்னிரண்டு பெயரும் காற்றோடு போய்விட்டன. அந்த மூல நாலு மட்டும் இன்றைக்கும் ஓடுகின்றன, ஒரே ஒரு அடிபாட்டோடு. 'ஸுண்ட்' என்ற சொல்லை, டச்சு வாடை அடிக்கும் வடக்குக் கடலோரப் பேச்சு தள்ளிவிட்டு 'ஸூட்' என்று தன் உச்சரிப்பை நுழைத்துவிட்டது. பழைய சொல்லைப் பார்க்க வேண்டுமானால் பிரான்ஸின் அல்சாஸ் பகுதிக்குப் போய் 'ஸுண்ட்காவ்' என்ற வட்டாரத்தின் பெயர்ப்பலகையைப் பார்க்கலாம். மற்றபடி, ஜெர்மன் மொழியில் தெற்கு என்கிற சொல்லே வடக்கிலிருந்து இறக்குமதி!

நடுவில் நெடுங்காலம் ஜெர்மானியர்கள் திசையைக் கடிகாரத்தில் வைத்திருந்தார்கள். கிழக்கு என்றால் 'மோர்கன்', அதாவது காலை. தெற்கு 'மிட்டாக்', மத்தியானம். மேற்கு 'ஆபெண்ட்', சாயங்காலம். சூரியன் எப்போது எங்கே நிற்கிறதோ அதுதான் திசை. நல்ல ஏற்பாடு. ஆனால் அந்த ஊர் சூரியன் வடக்குப் பக்கம் தலைகாட்டுவதே இல்லையே, என்ன செய்வது? சளைக்கவில்லை. 'மிட்டர்நாஹ்ட்', நள்ளிரவு என்று வைத்துவிட்டார்கள். தெற்கிலிருந்து வடக்கே போகிறவர் மத்தியானத்திலிருந்து நள்ளிரவுக்குப் போகிறார். பன்னிரண்டு மணி நேரப் பயணம் என்று பயப்பட வேண்டாம், பக்கத்துக் கிராமம்தான்.

மார்ட்டின் லூத்தரின் பைபிளில் ஜனங்கள் இப்படித்தான் நடமாடுகிறார்கள். வார்ட்பர்க் கோட்டையில் தாடி வளர்த்து, பெயரை மாற்றிக்கொண்டு ஒளிந்திருந்தபோது அவர் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்தார், 1522-ல் அச்சாயிற்று. குழந்தை இயேசுவைப் பார்க்க ஞானிகள் கிழக்கிலிருந்து வருகிறார்கள் அல்லவா? அந்தக் கிழக்கை லூத்தர் 'மோர்கன்லாண்ட்' என்றார். காலை நாடு. கேட்கவே பில்டர் காபி மணக்கிறது. சில வருஷங்களில் காஸ்பர் ஹெடியோ என்ற இன்னொரு பாதிரியார் எதிர்ப்பக்கத்துக்கும் ஜோடிப் பெயர் தயாரித்தார்: ஆபெண்ட்லாண்ட். ஆக, ஆசியாக்காரர்களுக்குக் காலையைத் தாரை வார்த்துவிட்டு ஐரோப்பியர்கள் தங்களுக்குச் சாயங்காலத்தை வைத்துக்கொண்டார்கள்.

இதன் விளைவு நானூறு வருஷம் கழித்துத் தெரிந்தது. 1918-ல் ஓஸ்வால்ட் ஸ்பெங்லர் என்ற முன்னாள் பள்ளி ஆசிரியர் ஒரு தடிமனான புத்தகம் போட்டார். தலைப்பைத் தமிழில் சொன்னால், சாயங்கால நாட்டின் அஸ்தமனம். சாயங்காலத்துக்குப் பிறகு அஸ்தமனம் வரும் என்று நிரூபிக்க ஒரு பாகம் போதாமல் 1922-ல் இரண்டாம் பாகமும் வந்தது. யுத்தத்தில் தோற்றுப்போன ஜெர்மனியில் புத்தகம் அமோக விற்பனை. தோற்றது நாம் மட்டுமில்லை, மேலை நாகரிகமே காலி என்று ஒருத்தர் அடித்துச் சொன்னால் மனசுக்கு எவ்வளவு இதமாக இருக்கும்!

சரி, கடிகாரம் வேண்டாம், வரைபடத்தை எடுங்கள். பவேரியா மாநிலத்தில் 'மேல் பவேரியா' எங்கே என்று தேடுங்கள். கீழே இருக்கும். 'கீழ் பவேரியா'? அதற்கு மேலே. அச்சுப்பிழை இல்லை. ஆல்ப்ஸ் மலை தெற்கே இருக்கிறது, ஆறுகள் அங்கிருந்து இறங்குகின்றன, எனவே தெற்குதான் மேல். இதே கணக்கில்தான் கீழ் சாக்ஸனி, நாட்டின் வடக்கு ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறது. நாம் சிரிக்க முடியாது. மலை இருக்கும் பக்கத்தை மேல் என்றும், தண்ணீர் ஓடி இறங்கும் பக்கத்தைக் கீழ் என்றும் பார்த்து மேற்கு, கிழக்கு என்று வைத்த பரம்பரை நம்முடையது.

நிஜமான கூத்து வடமேற்கு மூலையில் இருக்கிறது. அங்கே ஒரு பிரதேசத்தின் பெயர் கிழக்கு ஃப்ரீஸ்லாந்து. ஜெர்மனியின் மேற்கு எல்லையை ஒட்டி இருப்பதற்கு ஏன் கிழக்கு? ஏனென்றால் மூலஸ்தானமான ஃப்ரீஸ்லாந்து நெதர்லாந்தில் இருக்கிறது, அங்கிருந்து பார்த்தால் இது கிழக்கு. ஒப்புக்கொள்வோம். வடக்கு ஃப்ரீஸ்லாந்து என்றும் ஒன்று உண்டு. அது டென்மார்க் எல்லையோரம், வடக்கேதான் இருக்கிறது. ஆனால் கிழக்கு ஃப்ரீஸ்லாந்தைவிடக் கிழக்கே இருக்கிறது. மேற்கு ஃப்ரீஸ்லாந்து? டச்சுக்காரர்களைக் கேட்டால், வடக்கு ஹாலந்து மாகாணத்தில் இருப்பதாகச் சொல்வார்கள். இதற்கு மேல் கூகுள் மேப்பில் வழி சொல்லும் அக்காவைக் குறை சொல்லாதீர்கள்.

இந்தக் கிழக்கு ஃப்ரீஸ்லாந்தில் ஒரு ஊரின் பெயரே 'நோர்டன்'. வடக்கு! ஸ்டேஷன் போர்டில் தைரியமாக எழுதிவைத்திருக்கிறார்கள். ஊரின் பகுதிகளைக் கேளுங்கள்: ஸூடர்நொய்லாண்ட், வெஸ்டர்மார்ஷ், ஓஸ்டர்மார்ஷ். அதாவது நாட்டின் மேற்கே இருக்கும் கிழக்கு ஃப்ரீஸ்லாந்தின் வடக்கு என்ற ஊருக்குள் தெற்கும் மேற்கும் கிழக்கும் குடியிருக்கின்றன. அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளை காம்பஸ் வாங்கினால் அது அவமரியாதை.

ஊர்ப்பெயர்களில் வரும் அந்த 'அர்' வாலைக் கவனித்திருப்பீர்கள். அது கடலோரத்துப் பேச்சு: நோர்டர்னை தீவு, வெஸ்டர்லாண்ட் கடற்கரை, ஸூடர்எல்பே ஆறு. பொது ஜெர்மனில் திசையைச் சொன்னால் 'அன்' வால்: நோர்டன், ஸூடன், ஓஸ்டன், வெஸ்டன். கப்பல்காரர்களும் வானிலைக்காரர்களும் இரண்டு வாலையும் வெட்டிவிட்டு வெறும் நோர்ட், வெறும் வெஸ்ட் என்பார்கள். புயல் வரும்போது வாலுக்கு நேரம் ஏது? அவர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். 'ஓஸ்ட்' என்பதைச் சுருக்கினால் 'ஓ' என்ற எழுத்துதானே? பிரெஞ்சு, ஸ்பானிஷ், இத்தாலி மூன்று மொழியிலும் அதே எழுத்தில் ஆரம்பிப்பது மேற்கு. ஒரே எழுத்தை இவர் கிழக்கென்றும் அவர் மேற்கென்றும் படித்தால் நடுக்கடலில் சந்திப்பு சுமுகமாக இருக்காது. அதனால் ஜெர்மன் மாலுமி தன் ஓஸ்டுக்கு ஆங்கிலேயரின் 'ஈ' எழுத்தைப் போட்டுக்கொள்கிறார். தன் ஓஸ்டில் இல்லாத எழுத்தால் சொந்தக் கிழக்கைக் குறிக்கும் இந்தப் பெருந்தன்மை, கப்பல் மூழ்கும் என்ற பயத்தில் வந்தது.

தரையில் இருப்பவர்களுக்கு அந்தப் பயம் கிடையாது. எனவே பெருந்தன்மையும் கிடையாது. தான் நிற்கும் இடம்தான் நடு. மற்றவர்கள்தான் திசை.

கடலைப் பாருங்கள். பால்டிக் கடல் ஜெர்மானியர்களுக்கு 'ஓஸ்ட்ஸே', கிழக்குக் கடல். அதே தண்ணீர் எஸ்டோனியர்களுக்கு மேற்குக் கடல். நியாயம், அவர்கள் மறுகரையில் இருக்கிறார்கள். பின்லாந்துக்காரர்கள்தான் பாவம். கடல் அவர்களுக்கு மேற்கிலும் தெற்கிலும் இருக்கிறது, பெயரோ கிழக்குக் கடல். 1809 வரை ஸ்வீடன் அவர்களை ஆண்டது. ஸ்வீடனுக்கு அது கிழக்கு. எஜமானர் போய் இருநூறு வருஷம் ஆகிறது, கடல் இன்னும் அவர் வீட்டு ஜன்னல் வழியாகத்தான் தெரிகிறது.

ஆஸ்திரியா இன்னும் மோசம். நாட்டின் சொந்தப் பெயர் ஓஸ்டர்ரைஷ். கிழக்குச் சீமை. யாருக்குக் கிழக்கு? பவேரியாவுக்கு. 996-ல் மூன்றாம் ஓட்டோ என்ற சக்கரவர்த்தி, வயது 16, நொய்ஹோஃபன் என்ற இடத்தில் கொஞ்சம் நிலத்தை ஃபிரைஸிங் நகர ஆயருக்கு எழுதிக்கொடுத்தார். நிலம் எங்கே இருக்கிறது என்று பத்திரத்தில் குறிப்பிட வேண்டுமே? ஜனங்கள் பேச்சு வழக்கில் 'ஓஸ்டார்ரிகி' என்று சொல்லும் பிரதேசத்தில் என்று எழுதினார்கள். பெயர் எழுத்தில் வருவது அதுதான் முதல் தடவை. இதைக் கணக்கில் வைத்து 1996-ல் ஆஸ்திரியா தன் ஆயிரமாவது ஆண்டைத் தடபுடலாகக் கொண்டாடியது. ஒரு தேசம் தன் பிறந்தநாளை ஒரு ரியல் எஸ்டேட் டாகுமெண்டைப் பார்த்துக் கொண்டாடுவதை வேறெங்கும் நீங்கள் பார்க்க முடியாது.

பின்னாளில் ஹிட்லருக்கு அந்தப் பெயரும் பொறுக்கவில்லை. 1938-ல் நாட்டை விழுங்கியபின் 'ஓஸ்ட்மார்க்', கிழக்கு எல்லைப்புறம் என்று மாற்றினார். 1942-ல் அதையும் எடுத்துவிட்டார்கள். நாட்டையே காணோம் என்றானபிறகு திசை எதற்கு?

இனி இரண்டு பெரிய மனிதர்கள். முதலாமவர் இளவரசர் மெட்டர்னிக். நெப்போலியன் விழுந்தபின் 1814-ல் கூடிய வியன்னா மாநாட்டில் ஐரோப்பாவை மேஜைமேல் வைத்துக் கத்தரித்தவர்களில் தலையாயவர். வியன்னாவின் லாண்ட்ஸ்ட்ராஸ்ஸ வட்டத்தில், ரென்வெக் தெருவில் ஆசியா ஆரம்பமாகிவிடுகிறது என்று அவர் அலுத்துக்கொண்டதாக இன்றுவரை சொல்கிறார்கள். ஆசியாவை அவ்வளவு பக்கத்தில் கண்டுபிடித்தவர் வேறு யாரும் இல்லை. சரி, அந்த ரென்வெக்கில் கம்பீரமாக ஒரு மாளிகை நிற்கிறதே, அது யாருடையது? மெட்டர்னிக்குடையது! இப்போது இத்தாலியத் தூதரகம் இருக்கிறது. அவர் கணக்குப்படி அவரே ஆசியாவில்தான் குடியிருந்தார்.

இரண்டாமவர் கோன்ராட் அடினாவர், மேற்கு ஜெர்மனியின் முதல் சான்ஸலர். மெட்டர்னிக்கைப் போலவே ரைன் நதிக்கரைக்காரர். வெகுகாலம் கொலோன் நகரின் மேயராக இருந்தார். பெர்லினுக்கு ரயிலில் போகும்போது எல்பே நதி வந்ததும் திரையை இழுத்துவிட்டு, மறுபடியும் ஆசியா வந்துவிட்டதே என்று முனகுவார் என்று அவரைப் பற்றி ஒரு கதை உலவுகிறது. மெட்டர்னிக்கின் ஆசியா வியன்னாவில், இவருடையது எல்பே நதியில். ஒவ்வொருவருக்கும் அவரவர் கொல்லைப்புற வேலியில் ஆசியா.

கொலோன்காரர்களுக்கு எல்பே வரை போகிற பொறுமையும் கிடையாது. அவர்களுக்கு ரைன் நதியின் மேற்குக் கரைதான் ஊர். கிழக்குக் கரைக்கு 'ஷேல் ஸிக்' என்று பெயர், மாறுகண் பக்கம். நல்ல குடும்பம் அந்தப் பக்கம் வீடு பார்க்காது என்கிற தொனி. அடினாவர் 1937-ல் ரோன்டார்ஃப் கிராமத்தில் வீடு கட்டிக் கடைசிவரை அங்கேயே இருந்தார். எந்தக் கரை? கிழக்குக் கரை! ஆபீஸ் இருந்த பான் நகரம் எதிர்க்கரையில். மேற்கத்திய உலகத்தோடு ஜெர்மனியை இறுக்கிக் கட்டிய அந்த மாமனிதர், தினமும் கிழக்கிலிருந்துதான் டியூட்டிக்கு வந்தார்.

அவர் காலத்தில் திசையே அரசியலாகிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், இரண்டு ஜெர்மனியின் அதிகாரப்பூர்வப் பெயரிலும் கிழக்கும் கிடையாது, மேற்கும் கிடையாது. நம்மைப்போல வெளியாட்கள் வைத்த பெயர்தான். கிழக்கு அரசாங்கம் தன் பாதி நகரத்தை ஒருபோதும் கிழக்கு பெர்லின் என்று சொல்லாது; பெர்லின், குடியரசின் தலைநகர் என்று முழங்கும். மற்ற பாதியை மட்டும் 'வெஸ்ட்பெர்லின்' என்று சேர்த்து எழுதும், ஏதோ அது வேறொரு ஊர் போல. மேற்குக்காரர்கள் பெர்லின் என்று எழுதி, வெஸ்ட் என்பதை அடைப்புக்குறிக்குள் போடுவார்கள், ஒரே ஊர்தான், இந்தப் பக்கம் என்கிற அர்த்தத்தில். அணுகுண்டுகளை வைத்துக்கொண்டு இருந்த இரண்டு அணிகள் ஒரு அடைப்புக்குறிக்காக முறைத்துக்கொண்டு நின்றன.

பூகோளம் இருவரையும் கண்டுகொள்ளவில்லை. மேற்கு பெர்லினைச் சுற்றி நாலு பக்கமும் கிழக்கு ஜெர்மனி. அங்கிருந்து மேற்கே வண்டியைக் கிளப்பினால் வருவது கிழக்கு! நகரத்தின் மேற்கு ஓரத்தில் ஷ்டாக்கன் என்று ஒரு பகுதி. விமான நிலையம் ஒன்றுக்காக 1945-ல் நிலத்தை மாற்றிக்கொண்டதில் மேற்கு ஷ்டாக்கன் கிழக்குக்குப் போயிற்று. மியூனிக்வாசி இன்றைக்கும் தன்னை 'வெஸ்ஸி' என்றும், பழைய கிழக்கு ஜெர்மனியின் எர்ஃபுர்ட்வாசியை 'ஓஸ்ஸி' என்றும் சொல்வார். வரைபடத்தில் கோடு போட்டுப் பாருங்கள், எர்ஃபுர்ட்டைவிட மியூனிக்தான் கிழக்கே இருக்கிறது. நாடு இணைந்தபின் எல்லாம் தெரிந்தவர் மாதிரி கிழக்கே போய் உபதேசம் செய்த மேற்கத்தியருக்கு 'பெஸ்ஸர்வெஸ்ஸி' என்று ஒரு பெயர் விழுந்தது. ஜெர்மன் மொழிச் சங்கம் 1991-க்கான வருஷத்தின் சொல்லாக அதைத் தேர்ந்தெடுத்தது. கிழக்கத்தியர்களுக்கு அந்த வருஷம் கிடைத்த ஒரே போனஸ் அதுதானோ என்னவோ.

பெர்லினில் ஒரு ரயில் நிலையம் உண்டு. 1842-ல் திறந்தபோது ஃபிராங்க்ஃபுர்ட் நிலையம் என்று பெயர். பிற்பாடு, ஸிலீஸியாவுக்கு ரயில் போனதால் ஸிலீஸிய நிலையம். யுத்தத்துக்குப்பின் ஸிலீஸியா போலந்துக்குப் போய்விட்டது, தர்மசங்கடம். 1950-ல் 'ஓஸ்ட்பான்ஹோஃப்', கிழக்கு நிலையம் ஆயிற்று. 1987-ல் நகரத்தின் 750-வது ஆண்டு விழா; கிழக்கு அரசாங்கம் அதை 'ஹாப்ட்பான்ஹோஃப்', தலைமை நிலையம் என்று உயர்த்தியது. 1998-ல் புரொமோஷனைப் பிடுங்கி மறுபடி கிழக்கு நிலையம் ஆக்கினார்கள். இத்தனைக்கும் பிளாட்பாரம் இருந்த இடத்தில்தான் இருந்தது. பயணிகளின் நிலைமையை நினைத்துப்பாருங்கள், தூங்கி எழுந்தால் ஊர் அதேதான், டிக்கெட்டில் வேறு பெயர்.

திசை விஷயத்தில் இவர்கள் அத்தனை பேரையும் தூக்கிச் சாப்பிட்டவர் ஒருத்தர் இருக்கிறார். கார்ல் மே. சாக்ஸனியில் ஏழை நெசவாளிக் குடும்பத்தில் 1842-ல் பிறந்தவர், திருட்டுக்கும் மோசடிக்கும் பல வருஷம் ஜெயிலில் இருந்தவர். பிறகு எழுத ஆரம்பித்தார். அரபுப் பாலைவனத்தில் தன் சாகசங்கள், அமெரிக்காவின் மேற்கில் செவ்விந்தியத் தலைவன் வின்னடூவோடு தன் சிநேகம். எல்லாம் நேரில் பார்த்தது என்று சத்தியம் வேறு! கதாநாயகன் ஓல்ட் ஷாட்டர்ஹாண்ட் நான்தான் என்று வேஷம் கட்டிப் போட்டோ எடுத்து விற்றார். ஜெர்மனியே நம்பியது. கிழக்கை அவர் முதன்முதலாகப் பார்த்தது 1899-ல், புத்தகங்கள் வந்து பேரும் பணமும் சேர்ந்த பிறகு. அமெரிக்காவுக்குப் போனது 1908-ல். அப்போதும் நயாகரா அருவியைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார். மேற்கைப் பற்றி அவ்வளவு எழுதியவர் மேற்கே போகவில்லை.

அவர் இறந்தபின் நடந்ததுதான் உச்சம். அவருடைய வீடும் கல்லறையும் இருந்த ராடபொய்ல், பிரிவினையில் கிழக்கு ஜெர்மனிக்குள் மாட்டிக்கொண்டது. அங்கே 1980-கள் வரை அவர் புத்தகத்தை அச்சடிக்கவே இல்லை. மேற்கு ஜெர்மனியோ அவரைத் தலையில் வைத்து ஆடியது. 1952 முதல் நாட்டின் வடக்குக் கோடியில், பாட் ஸேகபெர்க் என்ற ஊரில் வருஷாவருஷம் கார்ல் மே திருவிழா. 1962-லிருந்து சினிமாக்கள், ஷூட்டிங் தெற்கே, யுகோஸ்லாவியாவில். பொறாமைப்பட்ட கிழக்கு ஜெர்மனி 1966-ல் போட்டிக்குச் செவ்விந்தியப் படம் எடுக்க ஆரம்பித்தது, அதுவும் யுகோஸ்லாவியாவில்! மேற்கத்திய அணியின் செவ்விந்தியர் பியர் பிரீஸ், பிரெஞ்சு தேசத்தின் மேற்கு விளிம்பில் இருக்கும் பிரெஸ்ட் நகரத்துக்காரர். இரண்டு அணிச் செவ்விந்தியர்களில் உண்மையாகவே மேற்கிலிருந்து வந்தவர் அவர்தான். கிழக்கு அணியின் செவ்விந்தியர் கோய்கோ மிட்டிச், செர்பியாக்காரர்.

பாட் ஸேகபெர்க் மேடையில் 1991 வரை வின்னடூவாக நின்றவர் பியர் பிரீஸ். இரண்டு ஜெர்மனியும் ஒன்றாகி இரண்டு வருஷத்தில் வேஷம் கைமாறியது. வந்தவர் கோய்கோ மிட்டிச். 2006 வரை ஜெர்மனிக்கு மேற்கு அவர்தான்.